உட்பக்கம் திறந்த கதவு

போன மாதம் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. நான் வேலை செய்து ஓய்வு பெற்ற தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். எங்கள் ஆட்களின் பிள்ளைதான், இங்கேயே பிறந்தவள். பழைய கோப்பு ஒன்றில் என் கையெழுத்தோடு ஒரு குறிப்பு கிடக்கிறதாம்.

"அங்கிள், பெட்ரூம் டோர் உள்ளுக்குத் திறக்கக் கூடாது, லொக்கும் போடக் கூடாது எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஏன் எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் தெரியேல்லை. கஸ்டமர்ஸ் எல்லாரும் பிறைவசிதான் கேக்கினம்" என்றாள்.

பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்தக் குறிப்புக்கான காரணத்தைச் சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதைச் சொல்லாமலே சமாளித்து வந்தவன் நான். எழுதிவிடுவது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. பேசும்போது நான் மழுப்புவேன் என்பது எனக்குத் தெரியும்.

தொழிற்சாலை பிறம்ரனில் இருந்தது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் வீடுகளைச் செய்வோம். அடுப்பு, மேசை, குளியலறை, கட்டில் எல்லாம் ஒரு பஸ்ஸின் அகலம்கூட இல்லாத இடத்துக்குள் அடங்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சிவம் அண்ணை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். ரெக்ஸ்டேலில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தவர். ஊரில் தச்சு வேலை செய்தவன் என்பதால் என்னை நேராக மரப் பிரிவில் விட்டார்கள். ஒரு வருடம் தரைப்பலகை வெட்டினேன், பிறகு அலுமாரிகள், அதன்பிறகு படுக்கையறைத் தடுப்பும் கதவும் என் பொறுப்பாயின. வேலை பழகிய கதை அவ்வளவுதான். என் ஆங்கிலம் மட்டும் பழகவில்லை. எது சொன்னாலும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவேன். தலையாட்டினால் அடுத்த கேள்வி வராது என்பதை முதல் வாரமே கண்டுபிடித்திருந்தேன். அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

எங்கள் ஃபோர்மன் வோல்ட்டர். ஐம்பத்தைந்து வயது, நெட்டையான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பிழை கண்டால் அந்த இடத்தில் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நாங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஏசினாலாவது பரவாயில்லை என்று இருக்கும்.

வண்டி முடிந்ததும் அவர் செய்யும் கடைசிச் சோதனையைத் தொடக்கத்தில் நாங்கள் ஒளித்திருந்து பார்த்துச் சிரிப்போம். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பார். உள்ளே போய்க் கட்டிலில் மல்லாந்து படுப்பார். படுக்கையறைக் கதவைச் சாத்தச் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடப்பார். பிறகு, மூடிய கண்ணோடு எழும்பித் தடவித் தடவி வண்டிக்கு வெளியே வருவார். வரும்போது வாய்விட்டு எண்ணிக்கொண்டு வருவார். பத்துக்குள் புல்லில் கால் வைக்க வேண்டும். பதினொன்று ஆகிவிட்டால் அந்த வண்டி திரும்பத் தொழிற்சாலைக்குள் போகும். அது முடிய, கட்டிலில் இன்னொருவரைப் படுக்க வைத்துவிட்டு, வெளியே இருந்து தான் உள்ளே போவார். அதற்கும் பத்துத்தான். இரண்டும் சரியென்றால் அலுமாரியின் உட்புறத்தில் கையெழுத்திட்ட தாளை ஒட்டுவார். அந்தத் தாள் ஒட்டிய பிறகு வண்டியில் ஒரு ஆணியும் ஒருவரும் தொடக்கூடாது.

கதவு வேலையை என்னிடம் தந்த அன்று அவர் என்னைப் பக்கத்தில் இருத்திக் கொஞ்ச நேரம் எதையோ விளக்கினார். கையால் விழுவதுபோலக் காட்டினார். கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்பது விளங்கியது. ஏன் என்பது விளங்கவில்லை. யெஸ், யெஸ் என்றேன்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் நானும் மனைவி பத்மாவும் இருந்தோம். வாடகையைப் பங்குபோட்ட, கல்யாணமாகாத மூன்று பெடியங்களும் அங்கேயே இருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது பத்மாவின் பழைய நைலெக்ஸ் சீலை ஒன்றுதான். ஒருவன் இருமினால் எங்கள் தலையணையில் கேட்கும். பத்மா உடுப்பு மாற்றுவதற்குப் பெடியங்கள் மூவரும் வேலைக்குப் போகும் நேரம் பார்த்திருப்பாள். காய்ச்சல் வருத்தம் வந்து படுத்தாலும் சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டுதான் படுப்பாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவள் சிரிப்பதையே மறந்துபோனாள்.

ஒருநாள் சொன்னாள்: "எனக்கு நகை வேண்டாம், சொந்த வீடும் வேண்டாமப்பா. உள்ளுக்கை இருந்து பூட்டுற ஒரு கதவு இருந்தாலே காணும்."

வீட்டுக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, தொழிற்சாலையில் கழித்துவிட்ட பலகைகளில் தடுப்பு அடித்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி கதவு அறைக்குள் திறந்தது. கட்டில் இருக்கும் பக்கமாகக் கதவின் கீலை, பிணைச்சலைப் போட்டேன். அப்படிப் போட்டால் கதவு பாதி திறந்திருக்கும்போது கதவுப் பலகையே கட்டிலுக்கு மறைப்பாகிவிடும், வெளியே நிற்பவனுக்குச் சுவர்தான் தெரியும். ஒரு பொட்டலத்தில் இரண்டு பித்தளைத் தாழ்ப்பாள்கள் இருந்தன. ஒன்றைக் கதவில் பூட்டினேன், மற்றது என் தச்சு ஆயுதப் பெட்டிக்குள் கிடந்தது. பத்மா அந்தத் தாழ்ப்பாளை நாலைந்து தரம் போட்டும் திறந்தும் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பரிசு உலகத்தில் கிடையாது என்று அன்று நான் முடிவு கட்டினேன்.

அடுத்த கோடையில்தான் ஜிம்மும் எலனும் வந்தார்கள். அறுபதைத் தாண்டிய தம்பதி. கிழக்குக் கடற்கரை வரை ஓட்டிக்கொண்டு போய்வர வேண்டும் என்று ஒரு வண்டி சொல்லிச் செய்வித்தார்கள். எங்கள் வண்டிகள் பலவற்றில் அப்போதெல்லாம் படுக்கையறைக்கு இழுத்து மூடுகிற மடிப்புத் திரைதான் இருக்கும். அவர்கள் பலகைக் கதவு கேட்டார்கள். வோல்ட்டர் வெளிப்பக்கம் திறக்கும் கதவாக வரைந்தார், பூட்டுக் கிடையாது, சாத்தினால் ஒட்டிக்கொள்ளும் காந்தம் மட்டும். நான் செய்தேன். வோல்ட்டர் படுத்து எழும்பி எட்டில் வெளியே வந்தார். தாள் ஒட்டியாயிற்று.

மறுநாள் வண்டியை எடுக்க வந்தார்கள். வண்டியைக் கொளுவுவது, பிரேக், விளக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்க வோல்ட்டர் ஜிம்மை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேர வேலை அது. அலுமாரிக் கைபிடி ஒன்று தளர்ந்திருக்கிறது என்று என்னை உள்ளே அனுப்பியிருந்தார். எலன் படுக்கையறையில் நின்றாள். கதவைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள், மேசைப் பக்கம் போய் உட்கார்ந்து அங்கிருந்து பார்த்தாள். கதவு வெளியே திறந்ததும் கட்டில் முழுவதும் அப்படியே தெரிந்தது.

அவள் என்னிடம் வந்து மெல்லப் பேசினாள். பாதிதான் விளங்கியது, மீதியைத் தன் சட்டையின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். குடலில் ஒப்பரேஷன் செய்து, வயிற்றில் ஒரு பை பொருத்தியிருந்தார்கள். அதை அடிக்கடி மாற்ற வேண்டும். வீட்டில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு மாற்றுகிறாள். ட்ரெய்லரின் குளியலறையில் முழங்கையை மடக்கவும் இடமில்லை, கட்டிலில் படுத்துத்தான் மாற்ற வேண்டும். ஜிம் அதைப் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. அவருக்கு நான் பழைய எலனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். உள்ளே இருந்து பூட்ட ஏதாவது வழி உண்டா என்றும், அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டாள்.

எனக்கு பத்மாதான் கண்ணுக்குள் வந்தாள். அன்று ஆங்கிலம் தேவைப்படவில்லை. அந்த வெட்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த வெட்கம்.

முக்கால் மணி நேரத்தில் கதவைக் கழற்றித் திருப்பினேன். பிணைச்சலைக் கட்டில் பக்கம் மாற்றி, நிலையில் இருந்த தடுப்புச் சட்டத்தைக் கழற்றி மறுபுறம் அடித்தேன். கதவு இப்போது உள்ளே திறந்து கட்டிலை மறைத்தது. பெட்டிக்குள் கிடந்த மற்றத் தாழ்ப்பாளை உட்புறத்தில் பூட்டினேன். தாள் ஒட்டிய வண்டி. தெரிந்துதான் செய்தேன். வோல்ட்டரிடம் கேட்டால் மாட்டேன் என்பார் என்பதும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. எலன் என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் விடாமல் நின்றாள். அன்று வீட்டுக்குப் போய் பத்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள் என்றாள் அவளும்.

மூன்று வாரம் கழித்து அந்த வண்டி எங்கள் முற்றத்துக்குத் திரும்பி வந்தது. ஜிம் தனியாக இறங்கினார். உள்ளே படுக்கையறைத் தடுப்பு ஒரு ஆள் நுழையும் அளவுக்கு உடைந்து கிடந்தது. ஓட்டையின் மேல் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்.

அவர் ஏசவில்லை. வோல்ட்டர், சிவம் அண்ணை, நான் மூன்று பேரும் அருகில் நிற்க, ஒரு படிவம் வாசிப்பதுபோலச் சொன்னார். சிவம் அண்ணை எனக்குத் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பயணத்தின் இரண்டாம் நாள் காலை, ஆற்றோரம் வண்டிகள் தங்கும் ஒரு முகாம். கோப்பி விஷயமாக ஏதோ அற்பச் சண்டை. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்த் தள்ளினார், கதவு திறக்கவில்லை. எலன் என்று கூப்பிட்டார். முதல் இரண்டு தரம் முனகல் கேட்டது. அதன்பிறகு கேட்கவில்லை. தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்தது, அப்போதும் கதவு நகரவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்கும் தடுப்புக்கும் இடையில் கதவோடு ஒட்டி அவள் விழுந்து கிடந்தாள். யன்னலை உள்ளே இருந்துதான் திறக்கலாம். கடைசியில் ஜாக்கிக் கம்பியால் தடுப்பை உடைத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகும் அவள் கண் விழிக்கவில்லை. முன்பே உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டொக்டர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

"நாங்கள் வாங்கியபோது அந்தக் கதவில் தாழ்ப்பாள் இருந்ததா?" என்று வோல்ட்டரைக் கேட்டார். "அவள் ஒருநாளும் எனக்கு எதிராகக் கதவைப் பூட்டியவள் இல்லை. அன்று பூட்டினாள். சண்டை பிடித்த கோபத்தில் பூட்டினாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

வோல்ட்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறந்ததைத் தன் கையால் தொட்டறிந்தவர் அவர். நான் தரையைப் பார்த்தேன். இல்லை ஐயா, அது உங்கள் மீதான கோபமில்லை என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அதை உலகத்தில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார் வோல்ட்டர். ஜிம் வண்டியைக் கழற்றி விட்டுவிட்டுத் தன் காரில் ஏறிப் போனார்.

அவர் போனதும் வோல்ட்டர் என்னை அழைத்துக்கொண்டு அந்த வண்டிக்குள் ஏறினார். வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். கம்பளியை ஒதுக்கி, உடைந்த ஓட்டை வழியாக உள்ளே போனார். கதவை மூடினார். கட்டிலின் கால்மாட்டில் தரையில் படுத்து முதுகைக் கதவோடு சேர்த்துக்கொண்டார்.

"உள்ளே வா" என்றார்.

ஓட்டைப் பக்கம் திரும்பினேன். கதவால் வா என்றார்.

தள்ளினேன். ஒரு அங்குலம் அசைந்து நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரு மனிதரின் உடல் பாரம் என் தோளில் தெரிந்தது. வோல்ட்டர் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அவர் உயிரோடு, சும்மா படுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி தோளால் இடித்தேன். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் அந்தக் கதவை அடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் அழத் தொடங்கிய பிறகுதான் எழும்பிக் கதவைத் திறந்தார்.

சிவம் அண்ணையைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு விஷயம் சொன்னார். ட்ரெய்லரில் ஒரு ஆள் விழுவதற்குக் கதவுக்குப் பின்னால் மட்டும்தான் இடம் இருக்கிறது. விழுபவர் அங்கேதான் விழுவார். "கதவு வேலை தந்த அன்றே இதைச் சொன்னேன். நீ ஆம் என்றாய்" என்றார். அதில் கோபமே இருக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலாளிக்கு அறிக்கை எழுதினார். என் பெயருக்கு மேலே தன் பெயரையும் எழுதினார், தாள் ஒட்டிய வண்டியைப் பூட்டி வைக்காதது தன் பிழை என்று. ஜிம்முக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். "அவர் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கவில்லை, மனைவியைப் பற்றிக் கேட்டார். அந்தப் பதில் என்னிடம் இல்லை" என்றார்.

சனிக்கிழமை சிவம் அண்ணையின் காரில் போனோம். ஜிம்மின் வீடு ஏரிக்கரைப் பக்கம் இருந்தது. தெருவில் காரை நிறுத்திவிட்டு அண்ணை இறங்காமல் இருந்தார்.

"உந்த மனிசனிட்டை உண்மையைச் சொல்லி ஆரை உயிர்ப்பிக்கப் போறாய்? வழக்கெண்டு வந்தால் வேலையும் போம், உன்ரை இமிக்றேசன் பேப்பரும் இழுபடும். பத்மாவை யோசிச்சனியோ?"

பத்மாவைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாங்கோ அண்ணை என்று இறங்கினேன்.

ஜிம் எங்களைக் குசினிக்குள் சாப்பாட்டு மேசையில் இருத்தினார். நான் தமிழில் சொல்ல அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். கதவைத் திருப்பியது நான். தாழ்ப்பாள் போட்டது நான். சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயணம் தொடங்கும் முன்பே அவள் கேட்டாள், அந்தப் பையை மாற்றுவதற்காகக் கேட்டாள், நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கேட்டாள். உங்களுக்கு அவள் பழைய எலனாகவே இருக்க வேண்டுமாம். கதவை உள்ளே திறக்க வைத்ததை அவள் கேட்கவில்லை, அது என் புத்தி.

"கோபத்தில் இல்லையா?" என்றார்.

இல்லை என்றேன். அவருடைய தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. சொல்லியது நல்லதாய்ப் போயிற்று என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன்.

அவர் எழும்பிப் போய்ச் சுவரலுமாரியைத் திறந்தார். உள்ளே மருந்துக்கடைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"இந்தப் பைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தது நான்" என்றார். "அளவு சரியா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குவேன். நாற்பத்தொரு வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம். அந்தப் பை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நீ பூட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்று அவளிடம் ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கலாம். அவள் வெட்கப்படுவாள் என்று நானும் தெரியாததுபோல இருந்துவிட்டேன்."

சிவம் அண்ணை மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு எல்லாம் விளங்கியது.

ஜிம் மேசை லாச்சி ஒன்றை இழுத்துத் திறந்து பெயர்ந்த தாழ்ப்பாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அதன் ஆணிகளில் இன்னும் மரத்தூள் ஒட்டியிருந்தது. "நீ நல்லவன்தான்" என்றார். "இனி என் வீட்டுக்கு வராதே."

அவர் வழக்குப் போடவில்லை. முதலாளி என்னை மூன்று வாரம் நிறுத்தி வைத்து, பிறகு தரைப்பலகை வெட்ட அனுப்பினார். நாலு வருடம் கழித்து வோல்ட்டர் ஓய்வு பெறும்போது கதவு வேலையைத் திரும்பவும் எனக்குத் தரச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குறிப்பை எழுதியது அப்போதுதான். நான் போட்ட ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே படுத்து, கண்ணை மூடி, பத்து எண்ணியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது எங்கள் அறைக் கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். "பொறுங்கோப்பா, உடுப்பு மாத்திறன்" என்றாள் பத்மா. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கும்வரை கதவில் காதை வைத்தபடி நின்றேன்.

நடந்தது முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். மறுநாள் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினேன். அது ஒவ்வொரு தடவையும் உடுப்புத் தோய்க்கும் மெஷினில் போய் இடித்தது, பெடியங்கள் பகிடி பண்ணினார்கள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது பத்மாவின் முகத்தைப் பார்த்தேன். கழற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கும்போது நான் கூப்பிட்டால் என்ன வேலையாக இருந்தாலும் குரல் கொடுக்க வேண்டும்.

இப்போது பிறம்ரனில் எங்களுக்குச் சொந்த வீடு. அறைக்கு அறை கதவு இருக்கிறது, ஆட்கள்தான் நாங்கள் இரண்டு பேர். பத்மா எந்தக் கதவைச் சாத்தினாலும் கொஞ்ச நேரத்தில் நான் அதற்கு வெளியே போய் நிற்கிறேன். பேரப்பிள்ளைகள் வந்தால் அதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். அவளுக்கும் சில நேரம் எரிச்சல் வரும். ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அவள் என்னைக் காக்க வைத்ததில்லை.

"பத்மா?"

"ஓமப்பா, இருக்கிறன்."